வாங்க என்றுதான் சொன்னேன்

அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள் அண்ணாச்சி, காற்று முகத்தில் அறைகிறது. போதும், போதும். மதுரைக்கா? நானும் அங்கேதான். ரிங் ரோட்டில் இறங்க வேண்டும். வந்தால் சொல்லுங்கள், எனக்கு அந்தப் பக்கம் பழக்கமில்லை. பதினோரு மணிக்கு விசாரணை. என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் போகிறேன்.

என்ன விசாரணை என்று கேட்க மாட்டீர்களா? கேளுங்கள். பஸ் இன்னும் காரியாபட்டியே வரவில்லை.

என் பேர் முத்திருளாண்டி. ஊர் ஆவாரங்குளம். போன மாசம் எங்கள் ஊரில் ஒரு பிளேன் விழுந்ததே, பேப்பரில் பார்த்திருப்பீர்கள். சின்னப் பிளேன்தான், நாலு பேர் உட்காரலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எல்லாரும் பெரிய பிளேன் என்று நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள், கடைசியில் சின்னது என்றதும் நான் என்னவோ ஏமாற்றியது மாதிரி முகத்தைச் சுளிக்கிறார்கள். அந்தப் பிளேனை இறங்கவிடாமல் ஓர் ஆள் துண்டை ஆட்டினான் என்று பைலட் சொல்லியிருக்கிறார். அங்கே ஓர் ஆளும் இல்லை என்று ஊரே சொல்லியிருக்கிறது.

அங்கே ஓர் ஆள் இருந்தான். நான்தான்.

ஆனால் இறங்கவிடாமல் ஆட்டவில்லை. அதைச் சொல்லத்தான் போகிறேன்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே பிளேன் ரோடு என்று ஒன்று இருக்கிறது. சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது. சண்டை முடிந்து அவன் போய்விட்டான், ரோடு கிடந்தது. கொத்தமல்லி காயப்போட அதைப்போல் ஒரு இடம் கிடையாது. அப்புறம் பஞ்சு மில் முதலாளி வந்து, மேலே தார் ஊற்றி, தன்னுடைய பிளேன் இறங்குவதற்கு வைத்துக்கொண்டார். மாசத்துக்கு இரண்டு தடவை வரும். முதலாளியை ஏற்றிக்கொண்டு போகும், கொண்டுவந்து விடும். அந்த ரோட்டில் ஆடு மாடு ஏறாமல் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. நாலு வருஷமாக. ஒரு நாள் லீவு போட்டதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேனேஜர் ராமராஜ் வேலையில் சேர்த்த அன்றைக்கே ஒரு சிவப்புக் கொடியைக் கையில் கொடுத்தார். “ஆடு கீடு குறுக்க வந்தா இதைக் காட்டு. பிளேன் இறங்காது. ஒண்ணும் இல்லைன்னா சும்மா நில்லு.” அவ்வளவுதான் டிரெய்னிங். அதிலே கஷ்டமான பாகம் எது தெரியுமா? சும்மா நிற்பது. கொடி காட்டுவது எல்லாம் எவனும் காட்டிவிடுவான்.

ஒருவர் நம் இடத்துக்கு வருகிறார். ஆகாயத்திலிருந்து வருகிறார், எவ்வளவு தூரம் வருகிறார். நாம் வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கம்பம் மாதிரி நிற்பதா? உங்கள் ஊர்ப்பக்கம் எப்படியோ. எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

என் மச்சினன் செல்லையா பதினோரு வருஷமாக என் வீட்டுப் படி ஏறவில்லை. என்ன காரணம்? அன்றைக்கு நான் கூரைமேல் உட்கார்ந்து தகரம் அடித்துக்கொண்டிருந்தேன். வாயில் நாலு ஆணி. அவன் வாசலில் வந்து நின்றான். நான் தலையை ஆட்டினேன். ஆணியைக் கடித்துக்கொண்டு வாங்க என்று எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். வாயிலிருந்து ஆணியை எடுப்பதற்குள் தெருவைத் தாண்டிவிட்டான். “வான்னு ஒரு வார்த்தை கேக்காத வீட்டுல எனக்கென்ன சோலி” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். கொண்டுவந்த வாழைப்பழத்தைக்கூடத் திருப்பிக் கொண்டுபோய்விட்டான்.

அப்படிப்பட்ட ஊரில் நான் நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வேலை அது.

பைலட் பேர் கேப்டன் எட்வின். நாகர்கோவில்காரர். நல்ல மாதிரி. பிளேனை விட்டு இறங்குவார், வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார், காரில் ஏறிப் போவார். நான் ரோட்டில் பாதித் தூரத்தில் ஓரமாக நிற்பேன், அவர் அந்தக் கோடியில் இறங்குவார். நான் நடந்து போய்ச் சேர்வதற்குள் மேனேஜரும் டிரைவரும் வாங்க சார், வாங்க சார் என்று சொல்லி முடித்திருப்பார்கள். பொங்கல் கழிந்து ஒரு நாள், முதலாளி வருவதற்குத் தாமதமாகி, அவர் வேப்பமரத்தடியில் நின்றார். என்னைப் பார்த்தார். சொன்னார்:

“என்ன பெரியவரே, நானும் நாலு வருசமா வாறேன். ஒரு நாளாவது வாங்கன்னு கேட்டிருப்பீரா? மரம் மாதிரில்லா நிக்கீரு!”

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பெரியவரே என்றதை விடுங்கள், எனக்கு ஐம்பத்திநாலுதான் ஆகிறது, இந்த நரை என் அப்பா வழி. மற்றது நெஞ்சில் குத்திவிட்டது. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. என் சம்சாரம் குருவம்மாளிடம் சொன்னேன்.

“அவரு வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாரு.”

“உன் தம்பி வெளையாட்டுக்கா பதினோரு வருசம் வராம இருக்கான்?”

“அவன் கிறுக்குப்பய. பிளேன் ஓட்டுறவருக்குமா கிறுக்கு?”

அவளுக்கு இதெல்லாம் புரியாது. நான் யோசித்தேன். பத்து நாள் யோசித்தேன். வாங்க என்பதை எப்போது சொல்ல வேண்டும்? ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்ல வேண்டும். உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீரும் குடித்த பிறகு சொன்னால் அதற்குப் பேர் வாங்க இல்லை. பிளேனில் வருகிறவருக்கு வாசல் எது? ஆகாயம்தான். அப்படியானால் அவர் இறங்குவதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் கேட்காது. கையால் சொன்னால் தெரியாது. எங்கள் ஊருக்கு பஸ் ஸ்டாப் கிடையாது அண்ணாச்சி. நட்ட நடுக் காட்டில் நின்று துண்டை ஆட்டுவோம், தேனி போகிற பஸ்கூட நின்று ஏற்றிக்கொண்டு போகும். துண்டை ஆட்டினால் தூரத்தில் இருக்கிறவனுக்குத் தெரியும். நில்லு, வா, நான் இங்கே இருக்கிறேன். எல்லாம் அதில் இருக்கிறது.

நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. சிவப்புக் கொடியை ஆட்டினால் இறங்காதே என்று அர்த்தம். அதனால் அன்றைக்கு அந்தக் கொடியைக் கையால் தொடவே இல்லை. சுருட்டி ஷெட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வந்தேன். இதையும் அங்கே சொல்ல வேண்டும். மறந்துவிட்டால் ஞாபகப்படுத்துங்கள்... நீங்கள் எங்கே அங்கே வரப்போகிறீர்கள். சரி.

காரியாபட்டி. ஆள் ஏறுகிறது பாருங்கள். காலை மடக்கிக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை. காலை ஒன்பது இருபது. புதுத் துண்டு, பச்சைக் கரை போட்டது, இதற்கென்றே எடுத்தேன். பேப்பரில் வெறுமனே வெள்ளைத் துண்டு என்று போட்டிருக்கிறது. தூரத்தில் சத்தம் கேட்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஓர் ஆடு இல்லை, நாய் இல்லை, துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. பிளேன் கீழே வந்தது. எப்போதும் ஓரத்தில் நிற்கிறவன், அன்றைக்கு ரோட்டிலேயே ஏறினேன். விருந்தாளியை எதிர்கொண்டு போக வேண்டாமா? துண்டை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே வீசினேன். வாங்க, வாங்க என்று கத்திக்கொண்டே ஓடினேன். அந்த மாதிரி நான் என் கல்யாணத்துக்கு வந்தவர்களைக்கூடக் கூப்பிட்டதில்லை.

சக்கரம் தரையைத் தொடப்போகிற சமயம். ஓர் ஆள் உயரம்தான் இருக்கும். அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடி வழியாக நானும் பார்த்தேன். இதோ உங்களைப் பார்க்கிற மாதிரி. சட்டென்று பிளேன் உறுமியது. மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியது. என் தலைக்கு மேலே போனபோது வந்த காற்றில் நான் குப்புற விழுந்தேன்.

எழுந்து பார்க்கிறேன், போகிறது. அண்ணாச்சி, எனக்கு எப்படி இருந்திருக்கும்? வாசல்வரை வந்துவிட்டு, வாங்க என்றும் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகும் ஒருத்தர் திரும்பிப் போனால்? செல்லையாவாவது கேட்கவில்லை என்று போனான். நான் பின்னாலேயே ஓடினேன். இன்னும் பலமாக ஆட்டினேன்.

அவர் இடது பக்கமாகத் திரும்பினார். திரும்பி வரத்தான் திரும்புகிறார் என்று எனக்குச் சந்தோஷம். ஆனால் பிளேன் அதற்குமேல் ஏறவில்லை. அந்தப் பக்கம் சீமைக்கருவேலங்காடு, அதைத் தாண்டினால் கண்மாய். ஒரு சிறகு சாய்ந்தது, கருவேல மரத்தின் உச்சியைச் சீவியது, அப்படியே போய் கண்மாய்ச் சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. சத்தம் பெரிதாக இல்லை. லாரியிலிருந்து பஞ்சுப் பொதியைத் தள்ளிவிட்ட மாதிரி ஒரு சத்தம். பிறகு கொக்கெல்லாம் பறந்தது.

நான் ஓடிப் போனேன். முதல் ஆள் நான்தான். பெட்ரோல் வாடை குமட்டியது. உள்ளே அவர் ஒருத்தர்தான். கதவை இழுத்துத் திறந்து அவரை வெளியே இழுத்தேன். நெற்றியில் ரத்தம். வலது கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. இழுத்துக்கொண்டுபோய்க் கரையில் கிடத்தி, அந்தப் புதுத் துண்டால்தான் காலைக் கட்டினேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“எதுக்கு ஓய் வேண்டாம்னு சொன்னீரு? ரோட்டுல என்ன கெடந்தது?”

“ஒண்ணும் கெடக்கல சார்.”

“பின்னே?”

“வாங்கன்னு சொன்னேன் சார்.”

அவர் காலில் கட்டியிருந்த துண்டைப் பார்த்தார். “துண்டைச் சுத்துனா அது வாங்கயா?”

“பஸ்ஸெல்லாம் நிக்குதே சார்.”

சிரிக்க ஆரம்பித்துவிட்டார். காலோ அப்படிக் கிடக்கிறது, சிரிக்கிறார். சிரிக்கும்போது கால் அசைந்து, யம்மா யம்மா என்று கத்துகிறார், மறுபடியும் சிரிக்கிறார். மண்டையில் அடி பட்டதில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். நீங்களும் சிரிக்கிறீர்களே. சரி, சிரியுங்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள்.

அதற்குள் ஊர் வந்துவிட்டது. மேனேஜர் வந்தார். ஆம்புலன்ஸ் வந்து அவரைக் கொண்டுபோனது. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீ இன்னைக்கு லீவு” என்றார்.

“இல்ல சார், வந்திருக்கேன்.”

“நீ இன்னைக்கு வரலை. லீவு. ரெஜிஸ்டர்ல எழுதியாச்சு.”

“சார், நான் உங்க முன்னாலதான நிக்கேன்?”

“முத்திருளாண்டி, நீ வீட்டுக்குப் போ.”

வீட்டுக்குப் போனால் குருவம்மாள் துணியை மூட்டை கட்டி வைத்திருக்கிறாள். ஊரே முற்றத்தில் நிற்கிறது. ஆபீசர்கள் வருவார்களாம், ஆள் இருக்கக் கூடாதாம். என்னை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? செல்லையா வீட்டுக்கு. பதினோரு வருஷம் கழித்து. அவன் தெருமுனைக்கே வந்து, “வாங்க மச்சான், வாங்க, வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், உள் ரூமில் தள்ளிக் கதவைச் சாத்தினான். கோழி அடித்தான். இரண்டு நாள் கோழி. மூன்றாம் நாள் சாம்பார்.

நான் அங்கே கோழி தின்றுகொண்டிருக்கிறேன், இங்கே ஊர் ஒவ்வொருத்தராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. ரோட்டில் ஒருத்தரும் இல்லை, பைலட்டை எல்லாரும் சேர்ந்துதான் தூக்கினோம் என்று. தூக்கவே தெரியாதவனெல்லாம் தூக்கினேன் என்று எழுதியிருக்கிறான். குருவம்மாளும் ரேகை வைத்திருக்கிறாள். என்ன என்று? “என் வீட்டுக்காரர் அன்று ஊரில் இல்லை.” இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஊர் அப்படித்தான், நல்லதுக்கு என்பார்கள். பொறுக்க முடியாதது எது என்றால், அந்த மனுசர். டீக்கடையில் பேப்பரை வாசித்துக் காட்டினார்கள். ‘ஓர் ஆள் துண்டை வீசி இறங்க வேண்டாம் என்று சைகை செய்ததால் விமானத்தை மேலே ஏற்றினேன். அவர் யார் என்று எனக்குத் தெரியாது’ என்று கேப்டன் எட்வின் சொல்லியிருக்கிறார்.

கேட்டீர்களா? வாங்க என்றுதான் சொன்னேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன், காலைக் கட்டிக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று சொன்னேனாம். அது ஒரு பொய். யார் என்று தெரியாதாம். நாலு வருஷம் பார்த்தவருக்குத் தெரியாதாம். அது இரண்டாவது பொய். என் பேரைக்கூடக் கேட்டு எழுதிக்கொண்டார், கரையில் படுத்துக்கொண்டு. “உம்ம பேரென்ன ஓய்?” என்றார். சொன்னேன். “நல்ல நீளமான பேரு” என்றார். எழுதவில்லை, சும்மா கேட்டார். ஆனால் கேட்டார்.

இப்போது ஊரில் பேசிக்கொள்கிறார்கள், அவர் குடித்துவிட்டு ஓட்டினார், இல்லாத ஆளைப் பார்த்தார் என்று. அது பச்சைப் பொய். நான் தூக்கியவன், அவர் வாயிலிருந்து சாராய வாடை வரவில்லை, பெப்பர்மிண்ட் வாடைதான் வந்தது. இன்றைக்குக் கடைசி விசாரணை. லைசென்ஸைப் பிடுங்கப் போகிறார்களாம். இனி பிளேன் ஓட்ட முடியாதாம். பிடுங்கினால் பிடுங்கட்டும். வாங்க என்று கேட்டவனைப் பார்த்து வேண்டாம் என்றான் என்று சொல்கிறவருக்கு அது தேவைதான். நான் போய் அத்தனை ஆபீசர் முன்னாலும் நின்று, இந்த ஆள் பொய் சொல்கிறார், அன்றைக்கு அங்கே நின்றவன் நான், துண்டை ஆட்டியவன் நான், ஆனால் வாங்க என்றுதான் ஆட்டினேன் என்று சொல்லப் போகிறேன். அவர் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.

என்ன, ஏதோ சொல்ல வருகிறீர்கள்?

சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், என்ஜின் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை.

நான் போய் நின்றால்... அவர் சொன்னது உண்மை என்று ஆகிவிடுமா? எப்படி? ஆள் இருந்தான் என்று ஆகும். ஆமாம். துண்டை ஆட்டினான் என்று ஆகும். ஆமாம், ஆட்டினேன். மேலே இருக்கிறவருக்கு அது வேண்டாம் என்றுதான் தெரியும். யாருக்கு இருந்தாலும் அப்படித்தான் தெரியுமா? உங்களுக்கு இருந்தாலுமா?

அப்படியானால் நான் அவர் பேரில் பிராது கொடுக்கப் போய், அவருக்கே சாட்சியாகிவிடுவேன் என்கிறீர்கள்.

லைசென்ஸைப் பிடுங்க மாட்டார்களா?

எனக்கு என்ன ஆகும்?

ம்.

வேலை போகும். அது சரி, அந்த ரோட்டில் இனிமேல் எந்தப் பிளேன் வரப்போகிறது. போலீஸா? கேஸ் போடுவார்களா? வாங்க என்று சொன்னதற்கா? ம். எவ்வளவு நாள் என்று தெரியாது. சரி, உங்களுக்கு எப்படித் தெரியும்.

குருவம்மாள் இதைத்தான் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. ஒரு மாசமாகச் சொல்கிறாள். அவள் கத்திச் சொன்னாள், நீங்கள் மெதுவாகச் சொல்கிறீர்கள். மெதுவாகச் சொன்னால்தான் புரிகிறது. இன்றைக்குக்கூட அவளுக்குத் தெரியாமல்தான் கிளம்பினேன், அருப்புக்கோட்டையில் பல் பிடுங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு.

இது என்ன ஊர்? வலையங்குளமா? வந்துவிட்டதே.

அண்ணாச்சி, இன்னொன்று. யார் என்று தெரியாது என்று சொன்னாரே. அதுவும் இதற்காகத்தானா? நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றா? பேரைக் கேட்டுவிட்டு, தெரியாது என்று சொன்னாரா?

கொஞ்சம் தண்ணீர் இருந்தால் கொடுங்கள்.

...

நல்ல தண்ணீர். வீட்டுத் தண்ணீரா?

இப்படியே எதிர்ப் பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டால் ஒரு வம்பும் இல்லை. சாயங்காலம் வீட்டில் இருப்பேன். ஊரில் எல்லாரும் நல்லது என்பார்கள். நான் அன்றைக்கு லீவில் இருந்தேன் என்று எழுதியது எழுதியபடி இருக்கும். ஆயுசுக்கும் லீவுதான். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். செல்லையாகூட இனி வருவான்.

ஆனால் பாருங்கள், என் சம்சாரம் நான் ஊரில் இல்லை என்கிறாள். மேனேஜர் நான் வரவில்லை என்கிறார். முந்நூறு பேர் ஆளே இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் அங்கே நின்றேன் என்று இந்த உலகத்தில் சொல்கிறவர் அவர் ஒருத்தர்தான். அவரையும் குடித்துவிட்டு உளறுகிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டால், பிறகு நான் நின்றது எங்கே இருக்கிறது?

கண்டக்டர் என்ன கத்துகிறார்? ரிங் ரோடா?

இறங்குகிறேன். வழி விடுங்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது அண்ணாச்சி. நான் போய் நான்தான் அந்த ஆள் என்றால், ஊர்க் கையெழுத்தையெல்லாம் எடுத்து நீட்டுவார்கள். நீ லீவில் இருந்தவன் என்பார்கள். பைலட் காசு கொடுத்துக் கூட்டிவந்தார் என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். நீங்கள் வெளியூர். படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள். இந்த ஆள் பஸ்ஸில் என்னிடம் இதையெல்லாம் சொன்னான், அப்போது அவன் அந்தப் பைலட்டைத் திட்டிக்கொண்டுதான் சொன்னான் என்று ஒரு வார்த்தை நீங்கள் வந்து சொன்னால் நம்புவார்கள். வேறொன்றும் சொல்ல வேண்டாம். உங்களுக்கு மதுரையில் அவசர வேலை இருக்கும். இருந்தால் வேண்டாம்.

இல்லையா?

விசில் ஊதாதீங்க கண்டக்டரே, இரண்டு பேர் இறங்கணும்!

பையை இப்படிக் கொடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன். கீழ்ப்படி கொஞ்சம் ஆடுகிறது, பார்த்துக் காலை வையுங்கள்.